மூன்று வெள்ளிக்கிழமைகளின் விலை

2023ஆம் ஆண்டு ஏப்ரல் கடைசியில் புதுச்சேரி அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அரசு அலுவலகங்களில் வேலை பார்க்கும் பெண்களுக்கு மாதத்தில் மூன்று வெள்ளிக்கிழமைகளில், காலை ஒன்பது மணி முதல் பதினொரு மணி வரை, இரண்டு மணி நேரம் பணியிலிருந்து விலக்கு. வீட்டில் பூஜை முதலானவற்றை முடித்துவிட்டு நிதானமாக வரட்டும் என்பது காரணம். அப்போது துணைநிலை ஆளுநராக இருந்த தமிழிசை சௌந்தரராஜனும் முதலமைச்சர் ரங்கசாமியும் சேர்ந்தே இதைச் சொன்னார்கள்.

எனக்குத் தெரிந்த அரசு ஊழியப் பெண்கள் யாரும் அந்த வாரம் இதை எதிர்த்துப் பேசவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. வெள்ளிக்கிழமை காலை எப்படிப்பட்டது என்பது அந்தக் காலையில் எழுந்திருப்பவளுக்குத்தான் தெரியும். வீட்டைக் கழுவி, வாசலில் வழக்கத்தைவிடப் பெரிய கோலம் போட்டு, தலைக்குக் குளித்து, ஈரம் காயாத முடியைத் துண்டில் சுற்றிக்கொண்டே குத்துவிளக்கைத் துலக்கித் திரி போட்டு, இதற்கு நடுவில் இட்லி அவித்து, டிபன் பாக்ஸ் கட்டி, மாமியாருக்கு மாத்திரை எடுத்து வைத்து, ஸ்கூட்டியை எடுத்து இந்திரா காந்தி சிலை சிக்னலில் நிற்கும்போது மணி ஒன்பதைத் தாண்டியிருக்கும். அப்படி நிற்பவளிடம் போய், “இந்த இரண்டு மணி நேரம் ஒரு பொறி” என்று நான் சொன்னால் அவள் சிரிப்பாள். என் தோழி ஒருத்தி சிரித்தாள். தலைமைச் செயலகத்துக்கு உட்பட்ட ஒரு துறையில் யுடிசி. “குடுத்தா வாங்கிக்கோயேன் க்கா, அதுல இன்னா கொள்ள போவுது?” என்றாள்.

கொள்ளை போனது எது என்று அவளுக்கு அன்றைக்கு என்னால் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரை அவளுக்கான பதில்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. மூன்று வெள்ளி, இரண்டிரண்டு மணி நேரம்; மாதத்துக்கு ஆறு மணி நேரம். ஒன்றிய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுகிற பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுவதாகச் சொல்கிறது. அதே வேலையில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். வித்தியாசம் 201 நிமிடம். முப்பது நாளுக்குப் பெருக்கினால் நூறு மணி நேரம் வருகிறது. குழந்தையையும் நோயாளியையும் பார்த்துக்கொள்ளும் நேரம் இதில் சேராது. அது தனிக் கணக்கு. ஆக, மாதம் நூறு மணி நேரம் நம்மிடமிருந்து எடுக்கப்படுகிறது, அதில் ஆறு மணி நேரம் திரும்பி வருகிறது. அதுவும் நமக்காக வரவில்லை, விளக்குக்காக வருகிறது. அந்த ஆறு மணி நேரத்தில் ஒரு பெண் கடற்கரைச் சாலையில் நடந்தாலோ, ரோமன் ரோலன் நூலகத்தில் உட்கார்ந்து ஒரு நாவல் படித்தாலோ அது சலுகையைத் தவறாகப் பயன்படுத்துவதாகும். ஜும்மா நாளில் வேறு வேலை உள்ள இசுலாமியப் பெண்ணும், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகும் கிறித்தவப் பெண்ணும், எந்தப் பூஜையும் செய்யாத என்னைப் போன்றவளும் அந்த இரண்டு மணி நேரத்தில் யாராக இருந்தோம் என்பது அறிவிப்பில் இல்லை. ஒப்பந்தத்தில் அலுவலகம் பெருக்க வரும் பெண்ணைப் பற்றிய பேச்சே இல்லை. அவள் ஒன்பது மணிக்கு முன்பே வந்து கழுவிவிட்டால்தானே மற்றவர்கள் பதினொரு மணிக்கு வந்து உட்கார முடியும்?

ஓர் ஆணுக்குக் கூடத் தோன்றவில்லை: வெள்ளிக்கிழமை காலையில் ஆண்களுக்கு இரண்டு மணி நேரம் விலக்குக் கொடுத்து, அவர்களை வீடு கழுவச் சொல்லலாமே என்று.

சரி, இந்த அறிவிப்பு ஒரு சின்ன விஷயம். நான் இதை இழுத்துப் பேசுவதற்குக் காரணம், இதற்குப் பின்னால் ஒரு பெரிய பேரம் இருக்கிறது. எங்கள் ஊரில் பெரிய முதலாளி அரசாங்கம்தான். ரோடியர் மில்லும் சவானா மில்லும் சங்கு ஊதிய காலம் போய்விட்டது. படித்த பெண்ணுக்கு இந்த ஊர் காட்டும் கனவு, எப்படியாவது ஓர் எல்டிசி வேலை, ஓர் ஆசிரியை வேலை, ஜிப்மரில் ஒரு நர்ஸ் வேலை. பெண் பார்க்க வருகிறவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். “கவர்மெண்ட் வேலைன்னா சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுல இருப்பா” என்பது இங்கே ஒரு தகுதி. சம்பளமும் வரும், சாம்பாரும் வரும். இதைத்தான் இப்போது நாகரிகமாக ‘வேலை வாழ்க்கைச் சமநிலை’ என்கிறோம்.

அந்தச் சமநிலையின் மறு தட்டில் என்ன வைத்திருக்கிறார்கள் என்பது பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும். பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் வரும். கூடவே ஊர் மாற்றமும் வரும். புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் வரைபடத்தைப் பாருங்கள். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன நான்கு துண்டுகள். காரைக்கால் சுமார் 130 கிலோமீட்டர் தெற்கே. மாஹே கேரளக் கரையில், 600 கிலோமீட்டருக்கு மேல். ஏனாம் ஆந்திரத்தில், காக்கிநாடாவுக்குப் பக்கத்தில், 800 கிலோமீட்டருக்கு மேல். ஒரே அரசாங்கம், மூன்று மொழிகள், இரண்டு கடல்கள். இந்த நிலவியல் யாரும் பெண்களுக்கு எதிராகத் திட்டம் போட்டு வரைந்தது அல்ல என்பது எனக்கும் தெரியும். ஆனால் இந்த நிலவியலின் மேல் யாருடைய வாழ்க்கை தங்குதடையில்லாமல் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். ஆண் உதவியாளராகப் பதவி உயர்ந்து மாஹேவுக்குப் போகிறான்; மனைவி புதுச்சேரியில் இருந்துகொண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறாள், அவன் பெற்றோரைப் பார்த்துக்கொள்கிறாள். பெண் பதவி உயர்ந்து மாஹேவுக்குப் போனால் வீட்டில் யார் இருப்பது? இந்தக் கேள்விக்கு அரசிடம் பதில் இல்லை. கணவனிடமும் இல்லை. ஆகவே அவள் எழுதிக் கொடுக்கிறாள்: “எனது குடும்பச் சூழ்நிலை காரணமாக இப்பதவி உயர்வை ஏற்க இயலாத நிலையில் உள்ளேன்.” அலுவலகப் பேச்சில் இதற்கு ‘ஃபர்கோ’ என்று பெயர். “மேடம் ஃபர்கோ பண்ணிட்டாங்க.” தமிழில் சொன்னால் துறப்பு. துறவிக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு, துறவிக்கு அதற்குப் பிறகு சமைக்க வேண்டியதில்லை.

எழுதிக் கொடுத்தபின் நடப்பதைப் பலர் எழுதிக் கொடுக்கும்போது அறிவதில்லை. மத்திய அரசின் விதிகளைத்தான் புதுச்சேரி ஊழியர்களும் பின்பற்றுகிறார்கள். பதவி உயர்வை மறுத்தால் ஓராண்டுக்கு மறுபடி கேட்க மாட்டார்கள். அதற்குள் மேலே போன இளையவர்கள் மூத்தவர்களாகிவிடுவார்கள். இதைவிடக் கூர்மையானது இன்னொரு விதி. பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் ஒரே படியில் தேங்கி நிற்பவர்களுக்குச் சம்பள நிலையை மட்டுமாவது உயர்த்தும் திட்டம் 2008 முதல் நடைமுறையில் இருக்கிறது. எம்ஏசிபி என்பார்கள். அந்த உயர்வுக்கு உரிய நாள் வருவதற்கு முன் ஒருவர் பதவி உயர்வை மறுத்திருந்தால், அந்தச் சம்பள உயர்வும் கிடையாது. காரணம் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? அவர் வாய்ப்பில்லாமல் தேங்கவில்லையாம். வாய்ப்பு வந்தும் மறுத்துவிட்டாராம். விதியை எழுதியவர் எந்தப் பெண்ணையும் மனதில் நினைத்திருக்க மாட்டார். அதுதான் குற்றச்சாட்டே. பெண்ணை நினைக்காமல் எழுதப்பட்ட ஒரு பத்தி, பெண்ணின் மேல்தான் வந்து விழுகிறது. விரும்பித் தேங்கினாள் என்று அது சான்றிதழ் கொடுக்கிறது.

நானும் ஒருமுறை எழுதிக் கொடுத்தவள். ஒன்பது ஆண்டுகளுக்கு முன். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். காரைக்காலில் பொறுப்பு உயர்வோடு ஓரிடம். மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. அப்பாவுக்கு டயாலிசிஸ் தொடங்கியிருந்த நேரம். ஆணையை எடுத்துக்கொண்டு போனபோது மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி மிகக் கனிவாகப் பேசினார். “எதுக்கும்மா உங்களுக்கு இந்த அலைச்சல்? நீங்க கவிஞர் வேற. எழுதிக் குடுத்துட்டு நிம்மதியா இருங்க.” கடிதத்தின் மாதிரி ஒன்று அவருடைய மேசை இழுப்பறையிலேயே தயாராக இருந்தது. பெயரும் தேதியும் போட இடம் விட்டு, ஜெராக்ஸ் எடுத்து வைத்த ஒரு கட்டு. அதில் எத்தனை தாள் இருந்தது என்று எண்ணவில்லை. இன்று அதை நினைத்தால் அந்தக் கட்டின் தடிமன்தான் கண்ணில் நிற்கிறது. அது ஆண்களுக்காக அடித்து வைத்த கட்டு இல்லை.

வீட்டில் யாரும் என்னைத் தடுக்கவில்லை. அதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். கணவர், “உன் விருப்பம், நீ எது முடிவெடுத்தாலும் சரி” என்றார். அந்த வாக்கியத்தில் ‘நான்’ இல்லை என்பதை நான் நான்கைந்து ஆண்டுகள் கழித்துத்தான் கவனித்தேன். “நீ போ, அப்பாவை நான் கூட்டிப்போகிறேன், அவளுக்கு நான் சமைக்கிறேன்” என்று சொல்லியிருந்தால் அது ஒரு விருப்பத்தை என் முன்னால் வைத்ததாகியிருக்கும். அவர் கெட்டவரில்லை. அவருக்கு அப்படி ஒரு வாக்கியம் உண்டு என்பதே தெரியாது. எனக்குப் பதில் காரைக்கால் போனவர் என்னைவிட ஐந்தாண்டு இளையவர், திறமையானவர், இரண்டாண்டில் திரும்பி வந்துவிட்டார், இன்று என் விடுப்பு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான். அவர் மனைவி அந்த இரண்டாண்டும் வேலையை விட்டிருந்தார். அவரும் படித்தவர்தான். அதைப் பற்றி யாரும் எழுதிக் கேட்கவில்லை. அவருக்கு ஜெராக்ஸ் கட்டு தேவைப்படவில்லை.

தமிழ் படித்தவள் என்பதால் எனக்கு இந்த இடத்தில் ஒரு பழைய எரிச்சல் எழும். எங்கள் இலக்கியத்தில் பிரிவுக்கென்றே ஒரு திணை இருக்கிறது. கல்விக்காகப் பிரிவான், போருக்காகப் பிரிவான், தூதுக்காகப் பிரிவான், பொருளுக்காகப் பிரிவான். பிரிகிறவன் எப்போதும் அவன். அவளுக்கு இருத்தல். குறுந்தொகையின் 135ஆம் பாட்டில் தோழி தலைவிக்குச் சொல்லும் ஆறுதலே, ஆணுக்கு உயிராவது அவன் தொழில், மனையில் உறையும் பெண்ணுக்கு உயிராவது அந்த ஆண் என்பதுதான். இருபது ஆண்டுகளாக அந்தப் பாட்டை வகுப்பில் நடத்துகிறேன். முன்பெல்லாம் மாணவிகள் குறிப்பெடுத்துக்கொள்வார்கள். இப்போது யாராவது ஒருத்தி, “அப்ப அந்தத் தோழிக்கு என்னங்க மேம் வேலை?” என்று கேட்டுவிடுகிறாள். எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கும். பெண் பொருள்வயிற் பிரிந்தால் அதற்கு என்ன திணை, என்ன துறை? இலக்கணத்தில் அப்படி ஒன்று இல்லை. ஔவை அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனாள், புறநானூற்றில் பாட்டு இருக்கிறது. ஆனால் பிற்காலம் ஔவை என்றாலே கோலூன்றிய பாட்டி என்று ஆக்கிவிட்டது. ஊர் ஊராகத் திரிந்தவளை இளம்பெண்ணாக நினைத்துப்பார்க்க யாருக்கும் துணிவில்லை.

நான் போகாத காரைக்காலிலேயே இன்னொருத்தி இருக்கிறாள். ஆண்டுதோறும் மாங்கனித் திருவிழாவில் மாம்பழம் வீசிக் கொண்டாடுகிறார்களே, அந்த அம்மையார். கணவன் வணிகத்துக்கென்று கப்பலேறிப் போனான், பாண்டி நாட்டில் இன்னொருத்தியை மணந்து பிள்ளையும் பெற்றான். புனிதவதி வீட்டில் இருந்தாள். அவள் புறப்பட வேண்டும் என்று வந்தபோது முதலில் செய்ய வேண்டியிருந்தது தன் உடம்பின் தசையை உதறிப் பேய் வடிவம் கேட்டது. அதற்குப் பிறகுதான் கயிலைக்கும் ஆலங்காட்டுக்கும் அவளால் போக முடிந்தது. பக்தர்கள் இதை வேறு மாதிரி படிப்பார்கள், படிக்கட்டும். வீடு என்ற பொறுப்பு ஒட்டியிருக்கும் உடம்போடு ஒரு பெண் ஊர் மாறிப் போக முடியாது என்பதை சேக்கிழார் காலத்திலேயே தெரிந்து வைத்திருந்தார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

இது புதுச்சேரியின் சிக்கல் மட்டும் என்று நினைக்க வேண்டாம். சி.பி. முத்தம்மா 1949இல் இந்திய வெளியுறவுப் பணிக்கு வந்த முதல் பெண். சென்னையில் படித்தவர். மணம் செய்துகொண்டால் வேலையை விட்டுவிடுவேன் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் சேர்த்தார்கள். திருமணமான பெண்ணின் குடும்பப் பொறுப்பு பணிக்கு இடைஞ்சல் என்று அரசு கருதினால் விலகச் சொல்லலாம் என்று விதியே இருந்தது. முப்பது ஆண்டு வேலை பார்த்தபின் உயர்பதவிக்குத் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்டபோது அவர் உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு நடக்கும்போதே அவசரமாகப் பதவி உயர்வைக் கொடுத்துவிட்டார்கள். 1979இல் நீதிபதி கிருஷ்ணய்யர் மனுவை முடித்துவைத்தாலும் அந்த விதிகளைக் கடுமையாகச் சாடினார். ஆணுக்கு மணமானால் குடும்பப் பொறுப்பு வராதா என்பதே அவர் கேள்வியின் சாரம். நாற்பது ஆண்டு கழித்து, 2020இல், ராணுவத்தில் பெண்களுக்கு நிரந்தரப் பணி கேட்ட பபிதா புனியா வழக்கில் அரசுத் தரப்பு மறுபடியும் வீட்டுக் கடமைகளைத்தான் காரணமாகக் காட்டியது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. முத்தம்மா காலத்தில் விதி வெளிப்படையாக இருந்தது. இப்போது விதிப் புத்தகத்தில் அந்த வரி இல்லை. அதை நாமே நம் கையால் எழுதிக் கொடுக்கிறோம். அதிகாரிக்கு எவ்வளவு வசதி!

கிளாடியா கோல்டின் என்ற பொருளியலாளர், 2023இல் நோபல் பெற்றவர், ‘பேராசை பிடித்த வேலை’ என்று ஒன்றைப் பற்றிப் பேசுகிறார். எப்போது கூப்பிட்டாலும் வருகிறவருக்கு மட்டும் அளவுக்கு மீறிச் சம்பளம் தரும் வேலை. ஒரு வீட்டில் இருவரும் அப்படி வேலை பார்த்தால் பிள்ளையை யார் பார்ப்பது? ஆகவே ஒருவர் பேராசை வேலைக்குப் போகிறார், மற்றவர் வளைந்து கொடுக்கும் வேலையில் தங்குகிறார். தங்குகிறவர் பெரும்பாலும் பெண். அவர் அமெரிக்காவின் வழக்கறிஞர்களையும் நிதி நிறுவனங்களையும் பார்த்து எழுதினார். எங்கள் அரசு அலுவலகம் மாலையில் விளக்கை அணைத்துவிடும். நேரத்தில் அதற்குப் பேராசை இல்லை. அதன் பேராசை இடத்தில் இருக்கிறது. 800 கிலோமீட்டர் போகத் தயாராக இருக்கும் உடம்பு அதற்கு வேண்டும்.

இதற்கு மறுப்பாக வருகிற பேச்சுகள் எனக்கு மனப்பாடம். ஆண்களும்தானே மாஹே போய்த் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக் கஷ்டப்படுகிறார்கள்? படுகிறார்கள். அவர்கள் மெஸ் சாப்பாட்டின் துயரம் உண்மையானது. ஆனால் அந்தத் துயரத்தின் முடிவில் ஒரு கண்காணிப்பாளர் நாற்காலி இருக்கிறது. வீட்டில் இருந்து எல்லாவற்றையும் சுமந்தவளுக்கு அந்த நாற்காலியில் பங்கில்லை. அரசுப் பணியில் கணவன் மனைவி இருவரையும் இயன்றவரை ஒரே ஊரில் அமர்த்தலாம் என்று வழிகாட்டல் இருக்கிறதே? இருக்கிறது, 2009ஆம் ஆண்டு சுற்றறிக்கை. ‘இயன்றவரை’ என்ற சொல் எந்தப் பக்கம் இயலும் என்பது பணியமர்த்தும் மேசைக்குத் தெரியும். குழந்தைப் பராமரிப்பு விடுப்பு 730 நாள் தருகிறோமே? இது நான் மதிக்கும் உரிமை, 2008இல் வந்தது, பல தாய்மாரைக் காப்பாற்றியது. ஆனால் யாருக்குத் தருகிறீர்கள்? பெண்களுக்கு. 2018 முதல் தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஆண்களுக்கும். மனைவி உள்ள ஆணுக்குப் பிள்ளை பிறக்கும்போது பதினைந்து நாள், அவ்வளவுதான். அதாவது மனைவி இருந்தால் அவனுக்குப் பராமரிப்பு விடுப்பு தேவையில்லை, மனைவிதான் அந்த விடுப்பு என்று விதியே ஒப்புக்கொள்கிறது. பிறகு 730 நாளும் எடுத்தவளைப் பார்த்து, “இந்த அம்மா எப்பவும் லீவு” என்று கோப்பைத் தள்ளி வைக்கிறார்கள்.

இன்னொரு மறுப்பு நம் பக்கத்திலிருந்தே வருகிறது. அது என்னை அதிகம் உறுத்துகிறது. பதவி உயர்வை மறுக்கும் பெண்கள் கோழைகள், பெண் விடுதலையைப் பின்னுக்கு இழுப்பவர்கள் என்று சில தோழிகள் மேடையில் பேசுகிறார்கள். அவர்களில் சிலருக்கு வீட்டில் சமைக்க ஒரு பெண் இருக்கிறாள். அவளுக்கு வெள்ளிக்கிழமையும் கிடையாது, ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது. ஒரு மனைவியை வைத்திருக்கும் ஆணுக்காகத் தைத்த சட்டையை நாமும் போட்டுக்கொண்டு நெஞ்சை நிமிர்த்துவதுதான் விடுதலை என்றால் எனக்கு அதில் அக்கறையில்லை. மாலை ஆறு மணிக்கு வீட்டில் இருக்க விரும்புவது இழிவான ஆசை அல்ல. இந்த ஊர் அதற்காக ரத்தம் சிந்தியிருக்கிறது. 1936 ஜூலை 30 அன்று சவானா மில் போராட்டத்தில் பிரெஞ்சு அரசின் துப்பாக்கிக்கு 12 தொழிலாளர்கள் பலியானார்கள். வ. சுப்பையா தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்தின் விளைவாகத்தான் அடுத்த ஆண்டு எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமானது. எட்டு மணி வேலை, மீதி நேரம் என் வாழ்க்கை என்று கேட்ட அந்த ஆண்களை யாரும் வளர விருப்பமில்லாதவர்கள் என்று ஏசவில்லை. நேரம் கேட்டால் ஆணுக்கு அது உரிமைப் போராட்டம். பெண்ணுக்கு அது சலுகை. சலுகைக்குப் பின்னால் ஒரு கழித்தல் கணக்கு.

நேரு வீதித் துணிக்கடையில் பத்து மணி நேரம் நிற்கிற பெண்ணுக்கு இந்தத் தராசே கிடையாது என்பதும் தெரிந்துதான் பேசுகிறேன். தமிழ்நாட்டில் கடை ஊழியர் உட்கார இருக்கை வேண்டும் என்பதற்கே 2021இல் சட்டம் திருத்த வேண்டியிருந்தது. அவளோடு ஒப்பிட்டால் நாங்கள் கொடுத்து வைத்தவர்கள். கொடுத்து வைத்தவர்களே இப்படித் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால் அவளுக்காகப் பேசும் நாற்காலியில் யார் இருப்பார்கள்? பணியமர்த்தும் மேசையில், பதவி உயர்வுக் குழுவில், விதியை எழுதும் அறையில் பெண்கள் இல்லாமல் போவது இங்கிருந்துதான் தொடங்குகிறது. மேலே என்ன நிலை என்பதற்கு அதே 2023ஆம் ஆண்டே சாட்சி. புதுச்சேரி அமைச்சரவையில் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு இடம்பெற்ற ஒரே பெண், காரைக்கால் பகுதியின் நெடுங்காட்டிலிருந்து வந்த சந்திர பிரியங்கா, சாதியத்தையும் பாலினப் பாகுபாட்டையும் காரணமாக எழுதி அக்டோபரில் விலகல் கடிதம் கொடுத்தார். அரசுத் தரப்பு வேறு காரணம் சொன்னது. எது எப்படியானாலும் அந்த அறையில் மறுபடியும் ஆண்கள் மட்டும் மிஞ்சினார்கள்.

நான் கேட்பவை பெரிய புரட்சிகள் அல்ல. வெளியூர்ப் பணி எல்லாருக்கும் எத்தனை ஆண்டு, எந்த வரிசையில் என்று பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். இரண்டாண்டு முடிந்தால் யாரிடமும் போய் நிற்காமல் திரும்பி வரலாம் என்பது உறுதியானால் பாதிப் பெண்கள் கிளம்பிவிடுவார்கள். மாஹேவிலும் ஏனாமிலும் பிள்ளையோடு தங்குகிற மாதிரி குடியிருப்பும் குழந்தைக் காப்பகமும் வேண்டும். பராமரிப்பு விடுப்பை மனைவி உள்ள ஆண்களுக்கும் கொடுங்கள், எடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துங்கள். நாற்பது வயதில் மறுத்தவளை ஐம்பது வயதில், பிள்ளை கல்லூரிக்குப் போனபின், அவள் பழைய மூப்போடு மறுபடி அழையுங்கள். பராமரிப்புக்காக மறுத்தவளின் சம்பள உயர்வைப் பறிக்கும் அந்தப் பத்தியை நீக்குங்கள். வேறெதற்கும் முன்னால், இழுப்பறையில் இருக்கும் அந்த ஜெராக்ஸ் கட்டைக் கிழித்துப் போடுங்கள். மறுக்கிறவள் மறுக்கட்டும், ஏன் மறுக்கிறேன் என்பதை அவளே தன் சொற்களில் முழு நீளத்துக்கு எழுதட்டும், வீட்டில் யார் யார் என்னென்ன செய்வதில்லை என்பதையும் சேர்த்து. ‘குடும்பச் சூழ்நிலை’ என்ற இரண்டு சொல்லில் அது அடங்காது. அந்தக் கடிதங்களை ஒரு கோப்பில் சேர்த்து வைத்தால் எங்கள் ஊர்ப் பெண்களின் நல்ல வரலாறு ஒன்று கிடைக்கும்.

வெள்ளிக்கிழமையைப் பற்றி என்னோடு சிரித்த தோழிக்குப் போன வாரம் ஆணை வந்திருக்கிறது. உதவியாளராகப் பதவி உயர்வு, ஏனாம். மாமியார் அழுகிறாராம். மகன் பிளஸ் ஒன். நான் அவளிடம் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. எம்ஏசிபி விதியை மட்டும் அச்செடுத்துக் கொடுத்தேன். இரண்டு முறை படித்துவிட்டு, “இத்த யாருமே சொல்லல க்கா” என்றாள். அன்றிரவு அதே தாளைக் கணவர் முன்னால் வைத்து, “நான் போனா நீ இன்னா இன்னா செய்வ, எழுதிக் குடு” என்று கேட்டாளாம். அவர் பேனாவை எடுத்து, முதலில் ‘பால் வாங்குதல்’ என்று எழுதிவிட்டு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தாராம். பதில் கொடுக்க அவளுக்கு இன்னும் நான்கு வேலை நாள் இருக்கிறது.